பழைய டிராக்டருக்குப் புது ஹெட்லைட்: முதன்முறை மாட்டுபவருக்கு

இரவில் ஒற்றை விளக்கோடு எதிரே வரும் டிராக்டரை மோட்டார் சைக்கிள் என்றே கண் எடுத்துக்கொள்ளும். அருகில் வந்த பிறகுதான், விளக்கு எரியாத பக்கத்தில் ஆள் மார்பளவுச் சக்கரம் ஒன்று உருண்டு வருவது தெரியும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வண்டிகளில் இப்படி ஒற்றைக் கண்ணோடு ஓடுபவை பல. எங்கள் வீட்டு வண்டியும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

அது 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் 1035. அப்பா பழைய வண்டியாகவே வாங்கினார். எனக்கு வரும்போது அது கிழவண்டி ஆகிவிட்டது. இங்கே சொல்லப்போவது அந்த வண்டியில் கைப்பட்டுக் கற்றது. ஆனாலும் மஹிந்திரா பி-275 வைத்திருப்பவருக்கும், எச்.எம்.டி. 2511 வைத்திருப்பவருக்கும் வேலை ஏறக்குறைய இதேதான். விளக்கு முன் கிரில்லில் இருக்கிறதா, பக்கத் தாங்கியில் இருக்கிறதா, மட்கார்டின் மேல் இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு.

நான் முதலில் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். விளக்கு மங்கலாக எரிகிறது என்று டவுனுக்குப் போய், ஒரு உதிரிபாகக் கடையில் இருப்பதிலேயே பிரகாசமான பல்பைக் கேட்டேன். 100/90 வாட் பல்பு இரண்டு கொடுத்தார்கள்; பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90 என்று பொருள். மாட்டினேன். முதல் இரவு பகல்போல இருந்தது. ஒரு மாதம் ஆவதற்குள் டேஷ்போர்டில் இருந்த லைட் சுவிட்ச் உருகி, பிளாஸ்டிக் நாற்றம் எழுந்து, நடுவயலில் இருட்டில் நின்றேன். பிறகு வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், தலை நரைத்தவர், கருகிய சுவிட்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, பல்புக்கு என்ன குறை? அதற்குப் போகிற ஒயரையும் திரும்பி வருகிற வழியையும் பார்த்தாயா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு அந்தத் "திரும்பி வருகிற வழி" என்னவென்றே புரியவில்லை.

மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, சுவிட்ச் வழியாகப் பல்புக்குப் போய், அங்கிருந்து வண்டியின் இரும்பு உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. பாடி எர்த் என்பது இதைத்தான். முப்பது நாற்பது வருடச் சேறு, துரு, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த பெயின்ட் எல்லாம் அந்தத் திரும்பும் வழியில்தான் குந்தியிருக்கின்றன. பல்புக்குக் கிடைக்கும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு குறைவதோடு நிற்பதில்லை. ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஆகவே புது விளக்கு வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், பழையதிடம் ஒரு விசாரணை நடத்துங்கள்.

வாங்குவதற்கு முன் அரை மணி நேரம்

மீட்டர் இல்லாமலே செய்யலாம். இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்குத் தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, இரு முனைகளையும் சீவிக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டைப் போடுங்கள். பேட்டரியின் எந்த முனையிலிருந்து தடித்த கேபிள் வண்டியின் இரும்புக்குப் போகிறதோ அந்த முனையில் ஒயரின் ஒரு நுனியை வையுங்கள். மறு நுனியை விளக்கின் கிண்ணத்தில், பெயின்ட் சுரண்டிய இடத்தில் அழுத்துங்கள். இந்தக் கிண்ணத்தைக் கடைக்காரர்கள் டூம் என்பார்கள். தொட்டவுடன் வெளிச்சம் துள்ளி ஏறினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: எர்த் சரியில்லை. எங்கள் வண்டியில் இடப்பக்க விளக்கு, செத்துவிட்டது என்று நான் எழுதி வைத்திருந்த விளக்கு, அப்படித்தான் உயிர் பெற்றது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். விளக்கு எரியும்போது பேட்டரியின் எர்த் முனையில் ஒரு கம்பியும் விளக்குக் கிண்ணத்தில் மற்றொன்றும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட் காட்டினால் அந்த ஒரு வோல்ட் துருவைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. அதேபோல் பேட்டரியின் மற்ற முனைக்கும் பல்பு ஹோல்டரில் மின்சாரம் வந்து சேரும் முனைக்கும் நடுவே அளந்தால், ஒயரும் சுவிட்சும் எவ்வளவு விழுங்குகின்றன என்று தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் ஒயரிங்கையும் இந்தக் கையோடு மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, வண்டி எத்தனை வோல்ட்? பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் மூடிகளை எண்ணுங்கள். ஆறு இருந்தால் 12 வோல்ட், மூன்று இருந்தால் 6 வோல்ட். நம் ஊரில் ஓடுபவை பெரும்பாலும் 12தான். மிகப் பழைய இறக்குமதி வண்டி கிடைத்தால் மட்டும் கவனியுங்கள். இரண்டு, எந்த முனை எர்த்? இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் முனை உடம்போடு இணைந்திருக்கும். ஆனால் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டி.இ.20 போன்ற அக்காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் எர்த். பேட்டரியில் குறி அழிந்திருந்தால் முனைகளின் தடிமனைப் பாருங்கள், தடித்தது பாசிட்டிவ். சாதாரண இழைப் பல்புக்கு எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும் கவலையில்லை. எல்இடி விளக்குக்கு உயிர்ப் பிரச்சினை. அதிலும் எல்இடியின் நெகட்டிவ் அதன் உலோக உடம்போடு ஒட்டியிருந்தால், பாசிட்டிவ் எர்த் வண்டியில் அதை இரும்புத் தாங்கியில் முடுக்கி இணைப்புக் கொடுத்தவுடன் ஷார்ட் ஆகும். வண்டி பாசிட்டிவ் எர்த் என்றால் அதை மாற்றும் யோசனையை இன்றைக்கு வேண்டாம் என்று ஒதுக்குங்கள். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் டைனமோவின் காந்தத் திசையையும் மாற்ற வேண்டியிருக்கும். அது தனி வேலை.

டைனமோவின் சம்பாத்தியத்துக்குள் செலவு செய்யுங்கள்

விளக்குக் கடைக்காரர் கேட்கமாட்டார், நீங்களாகக் கணக்குப் போட வேண்டும். அந்தக் காலத்து டிராக்டர்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40ஏ டைனமோ தரக்கூடியது 11 ஆம்பியர். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். என்னுடைய 100 வாட் பல்புகள் இரண்டும் 200 வாட்; 12-ஆல் வகுத்தால் 16.7 ஆம்பியர். டைனமோ 11 சம்பாதிக்க, நான் 16.7 செலவழித்துக்கொண்டிருந்தேன். மீதியைப் பேட்டரி கடன் கொடுத்தது. சுவிட்ச் தன் பங்குக்குச் சூடாகி உருகியது.

45/40 வாட் பல்புகள் இரண்டு என்றால் பிரைட்டில் ஏழரை ஆம்பியர். பின் சிவப்பு விளக்கு, டேஷ்போர்டு பல்பு போக பேட்டரிக்கும் கொஞ்சம் மிஞ்சும். 60/55 வாட் ஹாலோஜன் என்றால் பத்து ஆம்பியர். பின்விளக்கையும் சேர்த்தால் டைனமோ முழு மூச்சில் ஓடினாலும் கைக்கும் வாய்க்குமாகத்தான் இருக்கும். வண்டியில் யாராவது ஏற்கெனவே டைனமோவுக்குப் பதிலாக, அதைவிட அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மாட்டியிருந்தால் தாராளமாக ஹாலோஜனுக்குப் போகலாம். டைனமோவின் இன்னொரு குணத்தையும் மறக்காதீர்கள்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது ஒன்றும் தராது, அதைப் பேட்டரியோடு இணைக்கும் கட்டவுட் என்ற தானியங்கி சுவிட்ச் திறந்தே இருக்கும். கரும்பு ஆலை வாசலிலோ கொள்முதல் நிலையத்திலோ வரிசையில் நின்று, எஞ்சினை உறும விடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டுப் பேச்சுக் கச்சேரி நடத்துபவர்கள் விடியற்காலையில் வண்டியைத் தள்ளச் சொல்லி ஆள் தேடுவது இதனால்தான்.

எல்இடி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைந்த மின்சாரத்தில் எரியும் என்பதால் டைனமோ வண்டிக்கு அது ஒரு வரம்தான். ஆனால் தனக்கென்று லென்ஸ், உடம்பு, நீர் புகாத மூடி எல்லாம் கொண்ட முழு எல்இடி யூனிட்டை வாங்குங்கள். அட்டையில் 10 முதல் 30 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் பழைய டைனமோவின் ஏற்ற இறக்கத்தையும் தாங்கும். பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பை மட்டும் செருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ரிஃப்ளெக்டர் ஒரு சிறு இழையை மனத்தில் வைத்து வளைக்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் சற்று மாறினாலும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்கும் புளியமரக் கிளைக்கும் போகும்; சாலைக்கு வராது. வயலில் பின்பக்கம் கலப்பையைப் பார்க்க ஒரு வேலை விளக்கு வேண்டுமென்றால் அதற்கு எல்இடி அருமை.

வண்டியைக் கண்காட்சி மெருகோடு வைத்திருக்க விரும்புபவர் பழைய கண்ணாடியையும் கிண்ணத்தையும் காப்பாற்றி, ரிஃப்ளெக்டரை மட்டும் மாற்றலாம். மற்றவர்களுக்கு முழு யூனிட்டே சுலபம். அளவு எடுக்கும்போது ரிம்மின், அதாவது விளக்குக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தின், வெளிவிட்டத்தை எடுக்காமல் கண்ணாடியின் விட்டத்தை எடுங்கள். பரவலான பெரிய வட்ட அளவு 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர்; சிறியது ஐந்தேமுக்கால் அங்குலம். பல்பின் அடிப்பகுதியையும் பார்த்துக்கொண்டு போங்கள், முடிந்தால் பழைய பல்பையே பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பி45டி வகையும் இன்றைய எச்4 வகையும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்றின் ஹோல்டரில் மற்றொன்று உட்காராது. வெளிநாட்டிலிருந்து வரும் யூனிட்டை இணையத்தில் வாங்குவதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: வலப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்குச் செய்த விளக்கில் டிம் வெளிச்சம் வலப்பக்கம் மேலேறும். நம் சாலையில் அது எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும்.

கழற்றுவது

எஞ்சினை நிறுத்துங்கள், கியரை நியூட்ரலில் வையுங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பேட்டரியில் எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். கடைசியில் மாட்டும்போது அதைத்தான் கடைசியாக மாட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றப் போய், ஸ்பேனரின் மறுபக்கம் பானட்டைத் தொட்டால் வெல்டிங் பட்டறை போலத் தீப்பொறி பறக்கும். பேட்டரிக்கு மேலே எப்போதும் கொஞ்சம் எரியும் வாயு இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள், இல்லையென்றால் மண்ணெண்ணெய். காலையில் ஒருமுறை இறுக்கும் பக்கம் இம்மி திருப்பி, பிறகு தளர்த்துங்கள். நேரடியாகத் தளர்த்தப் போனால் போல்ட் முறியும், அதன்பின் அன்றைய வேலை துளை போடுவதாக மாறிவிடும். ரிம் திருகு பெரும்பாலும் அடிப்பக்கம் சேறு மூடிக் கிடக்கும், தேடிப் பாருங்கள். ரிம்மை எடுத்ததும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளைந்த கம்பி கிளிப்புகள் தெரியலாம். அவற்றை ஸ்குரூ டிரைவரால் நெம்பும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அல்லது மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு நெம்புங்கள். ஒரு கிளிப் என் காதோரம் பறந்து போய் வைக்கோல் போரில் விழுந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஒயரைப் பிடுங்குவதற்கு முன் கைபேசியில் இரண்டு மூன்று படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் சிறு டேப் சுற்றி எழுதுங்கள். லூகாஸ் முறைப்படி ஒயரிங் செய்த வண்டி என்றால் நிறங்களே கதை சொல்லும்: நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், சிவப்பு சைடு லைட்டும் பின்விளக்கும், கறுப்பு எர்த். ஆனால் ஐம்பது வருடத்தில் எத்தனை கைகள் பட்டிருக்கும்! எங்கள் வண்டியில் நான் கண்டது ஸ்பீக்கர் ஒயர், வீட்டு ஒயரிங் ஒயர், ஒரு துண்டு சைக்கிள் டைனமோ ஒயர். நிறத்தை நம்பாதீர்கள், சோதித்துப் பார்த்து எழுதுங்கள்.

ஒயர்தான் பாதி வேலை

கிண்ணம் கையில் இருக்கும்போதே தாங்கியையும் கிண்ணத்தையும் உப்புத்தாள் கொண்டு பளிச்சென்று இரும்பு தெரியத் தேய்த்துவிடுங்கள். இரண்டும் தொடும் இடம் மட்டும் போதும். பல் வைத்த வாஷரைப் போட்டு முடுக்கினால் அது பெயின்ட்டைக் கடித்துக்கொண்டு இரும்பைப் பிடிக்கும். இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு விளக்கின் எர்த் முனையிலிருந்தும் ஒரு கறுப்பு ஒயரைத் தனியாக இழுத்து, எஞ்சின் பிளாக்கிலோ பேட்டரியின் எர்த் கேபிள் முடுக்கிய போல்ட்டிலோ சேர்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். தாங்கிக்கு நடுவே ரப்பர் வாஷர் வைத்த வண்டிகளில் இது கட்டாயம். ரப்பர் வழியாக மின்சாரம் போகாது என்பதை வாஷர் மாட்டும் அவசரத்தில் மறந்துவிடுகிறோம்.

விளக்குக்குப் போகும் பொது ஒயர் 2 சதுர மில்லிமீட்டர் பருமன் இருக்கட்டும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த வாகன ஒயராகக் கேட்டு வாங்குங்கள். வீட்டுச் சுவருக்குள் போகும் ஒற்றைக் கம்பி ஒயர் டிராக்டரின் அதிர்வில் முறியும். கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேறு உழுதுவிட்டு, களத்துமேட்டுக் கல் ரோட்டில் ஒருமுறை வந்தாலே போதும். முனைகளில் லக் என்ற உலோக இணைப்பு முனையைப் போட்டு, அதற்கான இடுக்கியால் நசுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம் தாங்கும்.

ஃபியூஸ் இல்லாத பழைய வண்டிகள் உண்டு. இந்தச் சந்தர்ப்பத்தை விடாதீர்கள். பேட்டரிக்கு அருகிலேயே, ஒயர் கிளம்பும் இடத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. முடிந்தால் வலப்பக்க விளக்குக்கும் இடப்பக்க விளக்குக்கும் தனித்தனியாக 7.5 ஆம்பியர் ஃபியூஸ். 60 வாட் பல்பு என்றால் தலா 10. ஒரு பக்கத்தில் ஒயர் உராய்ந்து ஷார்ட் ஆனாலும் மறு பக்கம் எரியும். வளைவில் திரும்பும்போது இரண்டும் ஒன்றாக அணைவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்கள் இதை வீண் செலவு என்று சொல்லமாட்டார்கள்.

சுவிட்சைக் காப்பாற்ற ரிலே. இது புதியவர்களை மிரட்டும் சொல். உள்ளே விஷயம் எளிது. ரிலே என்பது ஒரு வேலையாள். சுவிட்ச் மெல்லிய மின்சாரத்தால் உத்தரவு மட்டும் இடும், கனமான மின்சாரத்தை ரிலே சுமக்கும். அடியில் நான்கு எண்கள் இருக்கும். 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒயர். 87-லிருந்து விளக்குக்கு. 86-இல் பழைய சுவிட்சிலிருந்து வரும் ஒயர். 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, ஆக இரண்டு ரிலே. தனி ஃபியூஸ்கள் 87-க்கும் ஒவ்வொரு விளக்குக்கும் நடுவில் வரும் என்பதால், டிம்முக்கும் பிரைட்டுக்கும் சேர்த்து மொத்தம் நான்கு. 45 வாட் பல்போடு நிறுத்திக்கொள்பவர், சுவிட்ச் நல்ல நிலையில் இருந்தால் ரிலே இல்லாமலும் ஓட்டலாம். பத்து நிமிடம் விளக்கெரியவிட்டு சுவிட்சின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் ரிலே வாங்கும் நேரம் வந்துவிட்டது.

ஒயரை இழுக்கும் பாதையில் மூன்று எதிரிகள்: சைலன்சர் மேனிஃபோல்டின் சூடு, ஃபேன் பெல்ட், எலி. முதல் இரண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, நெளிகுழாய் ஸ்லீவுக்குள் கொண்டுபோய், அங்கங்கே கட்டிவிடுங்கள். தகட்டுத் துளைக்குள் நுழையும் இடங்களில் ரப்பர் வளையம் இல்லாமல் நுழைக்காதீர்கள். தகட்டின் விளிம்பு கத்தி. பானட் திறந்து மூடும் இடத்தில் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். மூன்றாவது எதிரிக்கு என்னிடம் முழுத் தீர்வு இல்லை. களஞ்சியத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துவதை விட்டபின் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

மாட்டுவது

புது யூனிட்டைக் கிண்ணத்தில் வைக்கும்போது கண்ணாடியில் இருக்கும் எழுத்தோ குறியோ மேல்நோக்கி நிமிர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டினாலும் எரியும். வெளிச்சம் வானத்துக்குப் போகும். கிண்ணத்தில் நீர் வடியும் சிறு துளை இருந்தால் அது கீழே வர வேண்டும். கண்ணாடியின் விளிம்பில் நீர் புகாமல் வைக்கும் ரப்பர் பீடிங் பழையது விறைத்துப் போயிருக்கும், புதிதாகப் போடுங்கள். ஹாலோஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூட்டில் பழுதாகிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிடலாம்.

எச்4 பல்பின் பின்னால் மூன்று தகட்டு முனைகள். நடுவில் படுத்திருப்பது டிம். நிமிர்ந்து நிற்கும் மற்ற இரண்டில் ஒன்று பிரைட், ஒன்று எர்த். எது எது என்று கண்டுபிடிக்க, பல்பை மாட்டுவதற்கு முன்பே பேட்டரியோடு இரண்டு ஒயரை இணைத்துச் சோதியுங்கள்: நடுமுனையில் ஒரு ஒயரை வைத்து, மற்றதை நிற்கும் இரண்டிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒரே ஒரு இழை பளிச்சென்று எரியும்போது தொட்டது எர்த். இரண்டு இழைகளும் சேர்ந்து மங்கலாக எரிந்தால் அது பிரைட் முனை. வண்டியில் மாட்டிய பிறகு இப்படி இரட்டையாக மங்கல் தெரிந்தால் எர்த் ஒயர் இடம் மாறிவிட்டது, அல்லது எர்த்தே இல்லை என்று பொருள். மின்சாரம் வேறு இழை வழியாகச் சந்து தேடி ஓடுகிறது.

கிண்ணத்தின் போல்ட்டை இப்போதைக்குக் கையால் அசைக்கக்கூடிய அளவுக்கே முடுக்குங்கள். பேட்டரியை இணைத்து டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பிறகு முன்பு செய்த அதே வோல்டேஜ் சோதனையை மறுபடியும் செய்யுங்கள். எங்கள் வண்டியில் எர்த் பக்க இழப்பு ஒரு வோல்ட்டுக்கு மேலிருந்து 0.1-க்கு இறங்கியது. பல்பு 45/40 வாட்தான். நூறு வாட் போட்டபோது கண்டதைவிட மோசமாகத் தெரியவில்லை.

வெளிச்சத்தைத் தரையில் இறக்குவது

இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, சூரியன் மறைந்த அரை மணி நேரத்திலிருந்து உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்வரை சாலையில் விளக்கு எரிய வேண்டும் என்கின்றன. அதோடு, முன்விளக்கின் ஒளி 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 1.5 மீட்டர் என்பது ஏறக்குறைய எதிரே ஸ்கூட்டரில் வருபவரின் கண்.

சமதளமான களமும் ஒரு சுவரும் போதும். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, விளக்கிலிருந்து சுவர் 5 மீட்டர் இருக்கும்படி நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி வரை அளந்து, அதே உயரத்தில் சுவரில் கரித்துண்டால் கோடு போடுங்கள். அதற்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம்மைப் போட்டு ஒரு விளக்கைத் துணியால் மூடுங்கள். திறந்திருக்கும் விளக்கின் வெளிச்ச விளிம்பு கீழ்க்கோட்டில் உட்காரும்வரை கிண்ணத்தைச் சாய்த்து முடுக்குங்கள். எச்4 யூனிட்டில் விளிம்பு இடப்பக்கம் கொஞ்சம் மேலேறும். அது சரிதான், சாலையோரம் நடப்பவரைக் காட்டுவதற்கானது. மட்கார்டின் மேல் உயரமாக விளக்கு இருக்கும் வண்டியில் இன்னும் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள்.

ஆனால் டிராக்டர் காரைப் போல ஒரே நிலையில் ஓடும் வண்டி இல்லை. இரண்டு சக்கர டிரெய்லரில் மூட்டை ஏற்றினால் அதன் கழுத்து கொக்கியை அழுத்தும், வண்டியின் மூக்கு மேலே தூக்கும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அப்படியே. வெறும் வண்டியில் அழகாகச் சரிசெய்த வெளிச்சம் பாரம் ஏறியதும் எதிரே வருபவர் நெற்றிக்கு ஏறிவிடும். அதனால் எந்தக் கோலத்தில் இரவில் சாலைக்குப் போகிறீர்களோ, அந்தக் கோலத்தில் சுவர் முன்னால் நிறுத்துங்கள். நான் நெல் ஏற்றிய டிரெய்லரோடுதான் சரிசெய்தேன். வெறும் வண்டியில் வெளிச்சம் கொஞ்சம் அருகில் விழுகிறது. வேகம் குறைவு என்பதால் போதுமானதாக இருக்கிறது.

டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்கின்றனவா என்று அப்படியே ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். முன்னால் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அதனால் பயன் இல்லை.

கடைசியாக எல்லா முனைகளிலும் மெல்ல வாசலின் தடவுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின், குறிப்பாகச் சேற்றில் இறங்கி வந்தபின், போல்ட் ஒவ்வொன்றையும் மறுபடி முடுக்குங்கள். புதிதாகப் போட்ட வாஷர்கள் படிந்து எப்படியும் கால் சுற்று தளர்ந்திருக்கும். கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தால் பீடிங் சரியாக உட்காரவில்லை. கழற்றி மறுபடி வையுங்கள். ஒரு பல்பும் இரண்டு ஃபியூஸும் பழைய வேட்டித் துணியில் சுற்றி டூல் பாக்ஸில் ஸ்பேனர்கள் இடிக்காத மூலையில் இருக்கட்டும். எங்கள் டூல் பாக்ஸில் அந்தப் பொட்டலத்தின் பக்கத்திலேயே உருகிய சுவிட்சும் கிடக்கிறது. யாராவது நூறு வாட் பல்பு பற்றிக் கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.